புதுப்பாலம்

பாரிஸ் நகரத்துப் பாலங்களிலேயே கிழடு இதுதான்.
பெயர் புதுப்பாலம்.
நானூறு வருஷமாக யாரும் திருத்தவில்லை.
தொட்டிலில் விழுந்த செல்லப்பெயர்
பல் போன பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
இதற்கு எத்தனை காலோ
அத்தனையும் அப்படித்தான்.

நான் இதன் அடிவயிற்றில் வேலை செய்கிறவன்.
செய்ன் நதியின் மேல் மிதவை,
மிதவையின் மேல் சாரம்,
சாரத்தின் மேல் நானும் சிதோனியும்.
பல் துலக்கும் பிரஷ்தான் கருவி, சத்தியமாக.
புகை குடித்துக் கறுத்த கல்முகங்களைக் கழுவுகிறோம்.
பாலத்தின் விளிம்பு நெடுக முகங்கள்:
கொம்பு முளைத்தவன், தாடியில் பாசி வளர்ப்பவன்,
இப்போதே வாந்தி எடுக்கப்போகிறவன்.
முந்நூற்று எண்பத்தொன்று என்கிறது காகிதம்.
நான் எண்ணும்போதெல்லாம் ஒன்று குறைகிறது.
பாதிப் பேர் வாயை மூடுவதே இல்லை.

முதல் கல்லை வைக்க வந்த அரசன்
அன்று காலையில்தான் நண்பர்களைப் புதைத்திருந்தானாம்.
கண்ணீர்ப் பாலம் என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள்,
நிலைக்கவில்லை.
பிறகு சண்டை. பத்து வருஷம் உளிச்சத்தம் கிடையாது.
தலையில்லாத தூண்களில் பையன்கள் தாவி விளையாடினார்கள்.
சிலர் அடுத்த தூணுக்குப் போய்ச் சேரவில்லை.

ஒருவழியாகக் கட்டி முடித்தபோது
ஜனங்கள் திகைத்துப் போனார்கள்:
மேலே ஒரு வீடு இல்லை, ஒரு கூரை இல்லை.
மற்றப் பாலங்களில் குடித்தனக்காரர்களின்
கொல்லைப்புறத்துக்குத்தான் ஆறு தெரியும்.
இங்கே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
ஊர் தன் ஆற்றைப் பார்த்தது,
காசு கொடுக்காமல்.

கூட்டம் சும்மா இருக்குமா?
ஒரு துறவி, ஒரு வெள்ளைக் குதிரை, ஒரு விலைமகள்,
இம்மூன்றும் கண்ணில் படாமல்
பாலம் கடந்தவன் இல்லை என்று சொலவடை.
மேலங்கி திருடுகிறவன் ஒரு பக்கம்,
பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறவன் மறுபக்கம்.
நடுவில் பல் பிடுங்குகிறவன்.

அவன் பெயர் எனக்குத் தெரியாது.
அம்புருவாஸ் என்று வைத்துக்கொள்கிறேன்.
பக்கத்தில் முரசோடு ஒருத்தி, பெரின்.
குறடு பல்லைக் கவ்வியதும்
பெரின் முரசை வெளுத்து வாங்குவாள்.
அலறல் தோலுக்கு அடியில் போய்விடும்.
“வலித்ததா?” என்பான் அம்புருவாஸ்
கூட்டத்தைப் பார்த்து.
பல் கொடுத்தவன் வாய் நிறைய ரத்தம்.
கூட்டம் சொல்லும்:
“இல்லவே இல்லை.”

வெண்கலக் குதிரைமேல் ஓர் அரசன் இருந்தான்.
புரட்சி வந்து இறக்கியது, பீரங்கிக்கு உருக்கியது.
பீரங்கிக்காரச் சக்கரவர்த்தி தோற்றதும்
அவன் சிலைகளை உருக்கி
மறுபடி அதே அரசன், அதே குதிரை.
வெண்கலத்துக்கு ஏது வெட்கம்.

மூன்று நாளாகச் சிதோனிக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது.
விடுப்பு எடுத்தால் கூலி இல்லை.
கரையிலிருந்து மேஸ்திரி லுபுவான் கத்தினான்:
“உடம்பு எப்படி?”
பல்லைக் கடிக்கவும் முடியாதவள் சொன்னாள்:
“புதுப்பாலம் மாதிரி.”

குண்டுக்கல் போல இருக்கிறேன் என்பதற்கு
இந்த ஊரில் அப்படித்தான் சொல்வது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
இடுப்பொடிந்து, வளைவை இறக்கிக் கட்டி,
பாதி முகங்களை நகலெடுத்து மாட்டிய பாலம்.
போன வாரம்கூட ஒருத்தியின் மூக்கு
என் கையோடு வந்துவிட்டது.

அப்போது சுற்றுலாப் படகு வந்தது.
ஒலிபெருக்கியில் அக்கார்டியன், மூன்று மொழியில் வரலாறு,
அண்ணாந்த தலைகள்.
படகு வளைவுக்குள் நுழையும் நேரம் பார்த்து
சிதோனி வாயைத் திறந்தாள்,
தொண்டை தெரிய.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
கீழேயிருந்து ஒரு குழந்தை
அவளை நோக்கி விரல் நீட்டியது.
எண்ணிக்கொண்டிருந்ததோ என்னவோ.

படகு போனது.
சுவரில் அலை இரண்டு தடவை அடித்தது.
“வாளியை இந்தப் பக்கம் தள்ளு,” என்றாள்.